ரோமர் 3:28, யாக்கோபு 2:24: வாலிபர் வேதப்பாடத்தில் எப்படி எடுப்பது?

டிக்கோயா_வாலிபர்:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் "விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல்" (தேவன் பாவியை நீதிமானாக ஏற்றுக்கொள்வது) என்ற தலைப்பில் வேதப்பாடம் எடுக்க வேண்டும். இரண்டு ஞாயிறு தந்திருக்கிறார்கள், ஆராதனை முடிந்து 45 நிமிடம் வீதம். வருகிறவர்கள் 16 முதல் 25 வயதுக்காரர். அங்கிலிக்கன், மெதடிஸ்த, பெந்தெகொஸ்தே வீட்டுப் பிள்ளைகள். அதே லயத்து (தேயிலைத் தோட்டக் குடியிருப்பு) கத்தோலிக்கப் பிள்ளைகள் சிலரும் வருவார்கள். ரோமர் 3:28, மனுஷன் கிரியைகள் (செயல்கள்) இல்லாமல் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான் என்கிறது, யாக்கோபு 2:24 விசுவாசத்தினால் மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் என்கிறது. இதை எடுத்துக் கேட்கத்தான் போகிறார்கள். "அப்படியென்றால் எப்படியும் வாழலாமா?" என்பது அடுத்த கேள்வியாக வரும். கத்தோலிக்கப் பிள்ளைகள் மனம் நோகாமலும் பேச வேண்டும். எங்கே தொடங்குவது, எதை விடுவது?

மடுவத்தடி:

தம்பி, முதல் ஞாயிறு யாக்கோபைத் தொடவே வேண்டாம். இரண்டையும் ஒரே நாளில் எடுத்தால் 45 நிமிடமும் பஞ்சாயத்திலேயே போய்விடும், பவுல் என்ன சொன்னார் என்பது யாருக்கும் விளங்காது. கேட்டால் "அது அடுத்த கிழமை" என்று சொல்லிவிடுங்கள்.

லூக்கா 18:9-14இல் தொடங்குங்கள், 10 நிமிடம் போதும். ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குப் போனான் என்று சொன்னவர் இயேசு. பவுல் கொண்டுவந்த புதுச்சரக்கு அல்ல இது என்பது அதிலேயே தெளிவாகிவிடும். அதே உவமையில் வரும் பரிசேயனின் (மதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்பவன்) ஜெபத்தை ஒருவரை விட்டு மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். வாரத்தில் இரண்டு தரம் உபவாசம், எல்லாவற்றிலும் தசமபாகம். அவன் சொன்னது எதுவும் பொய் என்று உவமையில் இல்லை. அதற்கும் மேலே, ஜெபத்தைத் தொடங்குவதே தேவனை ஸ்தோத்திரித்துத்தான். தன் ஒழுக்கத்துக்குத் தேவனுக்கே நன்றி சொல்லிவிட்டு, அதையே தன் கணக்கில் காட்டுகிறான். உபவாச ஜெபத்தில் பழகிய பிள்ளைகளுக்கு இது சுருக்கென்று படும். படட்டும்.

அடுத்த 25 நிமிடம் ரோமர் 3:19-26. பலர் நேரே 28ஆம் வசனத்துக்குத் தாவிவிடுகிறார்கள், பாடம் கெடுவது அங்கேதான். நீதிமானாக்குவது என்பது நீதிமன்றத் தீர்ப்பு என்பதை முதலில் காட்டுங்கள். உபாகமம் 25:1 நியாயாதிபதியின் வேலையைச் சொல்கிறது: நீதிமானை நீதிமான் என்றும் குற்றவாளியைக் குற்றவாளி என்றும் தீர்க்க வேண்டும். நீதிமொழிகள் 17:15 இன்னும் கடுமை. துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவன் கர்த்தருக்கு அருவருப்பானவன். அப்படியிருக்க ரோமர் 4:5இல் தேவன் பாவியை நீதிமானாக்குகிறார்! நீதிமொழிகள் 17:15ஐயும் ரோமர் 4:5ஐயும் பலகையில் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கொஞ்ச நேரம் பதில் சொல்லாமல் நில்லுங்கள். அவர்களே முட்டிக்கொள்ளட்டும். பதில் 3:25-26இல் இருக்கிறது. கிறிஸ்துவின் இரத்தத்தினால் பாவத்துக்குக் கிருபாதாரபலி (பரிகார பலி) உண்டானபடியால், தேவன் தமது நீதியை விட்டுக்கொடுக்காமலே இயேசுவை விசுவாசிக்கிறவனை நீதிமானாக்குகிறார். சிலுவையை இந்த இடத்தில் வைக்காமல் "விசுவாசித்தால் போதும்" என்று மட்டும் சொன்னால், தேவன் கண்டும் காணாமல் விட்டுவிட்டார் என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். "எப்படியும் வாழலாமா" என்ற கேள்விக்குப் பாதிக் காரணம் அந்தக் குறைதான்.

ரோமர் 4:4க்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். தோட்டத்தில் பறித்த கொழுந்தின் கிலோ சரியாக இருந்தால் முழுப் பேர் (முழுநாள் கூலி), குறைந்தால் அரைப் பேர். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு முழுப் பேர் வாங்கியவர் அதற்காகக் கணக்கப்பிள்ளைக்குக் கும்பிடு போடுவதில்லை. அது அவருக்கு வரவேண்டிய கடன். வேலை செய்தவனுக்குக் கூலி கிருபையாய் எண்ணப்படாது, கடனாகவே எண்ணப்படும் என்று பவுல் சொல்வது இதைத்தான். ஆனால் உதாரணத்தை அத்தோடு நிறுத்துங்கள். "கிலோ குறைந்தவருக்கும் துரை (தோட்ட நிர்வாகி) இரக்கப்பட்டு முழுப் பேர் போட்டார்" என்று இழுத்தால் மேலே சொன்ன அதே பிழைக்குள் விழுவீர்கள். தேவன் அளவைக் குறைக்கவில்லை. அளவு நிறைந்தது, நிறைத்தவர் கிறிஸ்து (2 கொரிந்தியர் 5:21, பிலிப்பியர் 3:9).

இரண்டாம் ஞாயிறு, ஆபிரகாமின் வயதுக் கணக்கு. பலகையில் நீளமாக ஒரு கோடு போட்டு எண்களைக் குறியுங்கள். 75இல் ஆரானை விட்டுப் புறப்படுகிறார் (ஆதியாகமம் 12:4). 86இல் இஸ்மவேல் (16:16). அவர் விசுவாசித்தார், அது நீதியாக எண்ணப்பட்டது என்ற 15:6 இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது. 99இல் விருத்தசேதனம் (17:24), 100இல் ஈசாக்கு (21:5). அந்தப் பிள்ளை விறகு சுமக்கும் வயதுக்கு வந்த பிறகே, ஆபிரகாம் அவனைப் பலிபீடத்தில் வைக்கும் 22ஆம் அதிகாரம்.

இப்போது ரோமர் 4:10ஐ வாசிக்கச் சொல்லுங்கள். எப்போது எண்ணப்பட்டது, விருத்தசேதனத்துக்கு முன்னா பின்னா? கோட்டைப் பார்த்தே சொல்வார்கள், குறைந்தது 13 வருடம் முன். அடுத்து யாக்கோபு 2:21-23. அவர் எடுப்பது 22ஆம் அதிகாரத்து பலிபீடம். அதை வைத்து, 15:6 நிறைவேறிற்று என்கிறார். அந்த வசனத்தை அவர் தள்ளவில்லையே. பவுலின் கேள்வி, பாவி தேவனுக்கு முன் எந்த ஆதாரத்தில் நிற்கிறான் என்பது. யாக்கோபின் கேள்வி, விசுவாசம் உண்டென்று சொல்லிக்கொள்பவனிடம் இருப்பது விசுவாசம்தானா என்பது. அவர் காட்டும் கிரியையும் உடுப்பில்லாதவருக்கு உடுப்பு, பசித்தவருக்குச் சாப்பாடு (2:15-16). பவுல் ரோமரிலும் கலாத்தியரிலும் மறுப்பதோ நியாயப்பிரமாணத்தின் (மோசேயின் சட்டத்தின்) கிரியைகள். அன்பினால் கிரியை செய்கிற விசுவாசம் என்று கலாத்தியர் 5:6இல் எழுதியவரும் அதே பவுல்தான்.

அங்கிலிக்கன் பிள்ளைகளுக்கு இன்னொன்று. அவர்கள் சபையின் 39 மதக் கோட்பாடுகளில் 11ஆவது நீதிமானாக்கப்படுதல், அதற்குப் பிறகே 12ஆவதாக நற்கிரியை. அந்த வரிசையைக் காட்டினால் போதும்.

நுவரெலியா_மறைக்கல்வி:

மேலே உள்ளதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் "கத்தோலிக்கர் நற்செயல் செய்து மீட்பை வாங்குகிறவர்கள்" என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள், அது எங்கள் படிப்பினையே அல்ல. திரிதெந்து பொதுச்சங்கத்தின் (கத்தோலிக்க ஆயர்கள் கூடிய சபை) 6ஆம் அமர்வு, 1547 ஜனவரி 13, இதைப் பற்றி 16 அதிகாரங்களும் 33 விதிகளும் தந்தது. முதல் விதியே, இயேசு கிறிஸ்து வழியாக வரும் அருள் இல்லாமல் தன் செயல்களால் ஒருவர் கடவுள் முன் நீதியுள்ளவராகலாம் என்பதைக் கண்டிக்கிறது. 8ஆம் அதிகாரம் இன்னும் போகிறது: நீதியுள்ளவராக ஆக்கப்படுவதற்கு முன்வரும் நம்பிக்கையோ செயலோ எதுவும் அந்த அருளுக்கு உரிமை தேடித் தராது.

மெய்யான வேறுபாடு வேறிடத்தில். நீங்கள் தீர்ப்பு என்கிறீர்கள், கிறிஸ்துவின் நீதி நம் கணக்கில் எண்ணப்படுகிறது என்கிறீர்கள். மன்னிப்போடுகூட அருளும் அன்பும் உள்ளத்தில் பொழியப்பட்டு, மனிதர் உள்ளபடியே நீதியுள்ளவர் ஆக்கப்படுகிறார் என்பது எங்கள் படிப்பினை. அது திருமுழுக்கில் தொடங்கும், வளரும், சாவான பாவத்தால் (அருளை இழக்கச் செய்யும் கனமான பாவம்) இழக்கப்படலாம், ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனம்) மீண்டும் கிடைக்கும். 11ஆம் விதி மறுப்பது, எண்ணப்படுதல் மட்டுமே என்பதை.

1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் இதே பொருளில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார், தூய ஆவி நம்மைப் புதுப்பித்து நற்செயலுக்கு அழைக்கிறார் என்பதை இரு தரப்பும் சேர்ந்து சொன்னார்கள். மெதடிஸ்த உலகப் பேரவை 2006இலும் சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியம் 2017இலும் சேர்ந்துகொண்டன. எல்லா லூத்தரன் சபைகளும் ஏற்கவில்லை, மிச்ச வேறுபாடுகளும் தீர்ந்துவிடவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் கையில் திருவிவிலியம் (சொற்கள் வேறான மொழிபெயர்ப்பு) இருக்கும். இரண்டு வேதாகமத்திலிருந்தும் அதே வசனத்தை வாசிக்கவிட்டு ஆரம்பித்தால் வீண் தடுமாற்றம் வராது.

ஊவா_மெதடிஸ்த:

பிரதர், ஒண்ணு விட்டுப்போச்சு. "உனக்கு விசுவாசம் பத்தல, அதான் சுகம் கிடைக்கல"ன்னு கேட்டு வளர்ந்த பிள்ளைங்க உங்க கூட்டத்துல இருக்கும். நீங்க "விசுவாசத்தினால"ன்னு சொன்னதும் அது மனசுக்குள்ள "எனக்கு எவ்வளவு இருக்கு?"ன்னுதான் அளக்கும். கிரியையை வாசல்ல தள்ளிட்டு, விசுவாசத்தையே இன்னொரு கிரியையா உள்ள கூட்டிவந்த மாதிரி ஆயிடும். மாற்கு 9:24ல மகனுக்காக இயேசுகிட்ட வந்த அப்பாவ அந்த இடத்துல சொல்லுங்க. அரைகுறையா நம்பினாரு, அதையும் வாய்விட்டுச் சொன்னாரு, மகனுக்குச் சுகம் கிடைச்சுது. யாரை நம்புறோம்ங்கிறதுதான் விஷயம்.

பழைய போதகர்மார் விசுவாசத்தை மூணாப் பிரிச்சுச் சொல்லுவாங்க: அறியறது, உண்மைன்னு ஒத்துக்கிறது, அவரையே சார்ந்துக்கிறது. யாக்கோபு 2:19ல பிசாசுக்கு முதல் ரெண்டும் இருக்கு, நடுங்கவும் செய்யுது. மூணாவது இல்ல. இதை இரண்டாம் ஞாயிறு வச்சுக்கங்க.

இன்னொரு யோசனை. முதல் ஞாயிறு ஆரம்பத்துலேயே ஆளுக்கொரு துண்டுத் தாள் குடுத்து, "தேவன் என்னை ஏற்றுக்கொள்கிறார், ஏனென்றால்..."ன்னு முடிக்கச் சொல்லுங்க. பேர் எழுத வேணாம். வாங்கி வச்சிக்கிட்டு, எத்தனை "நான்"னு தொடங்குது, எத்தனை "கிறிஸ்து"ன்னு தொடங்குதுன்னு பாருங்க. எங்க அழுத்திச் சொல்லணும்னு அதுவே காட்டிடும். தாளைக் கூட்டத்துல வாசிக்காதீங்க, கையெழுத்த வச்சே ஆளைக் கண்டுபிடிச்சிருவாங்க.

டிக்கோயா_வாலிபர்:

மூவருக்கும் நன்றி. வயதுக் கோடு ரொம்பப் பிரயோசனம். இன்னும் ஒன்று. "அப்பா ஞானஸ்நானம் எடுத்தவர்தான், இன்னும் குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கிறார். அவரும் நீதிமானா?" என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்டால் என்ன சொல்வது?

மடுவத்தடி:

அந்த அப்பாவின் இருதயத்துக்குக் கூட்டத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், ஆம் என்றும் வேண்டாம், இல்லை என்றும் வேண்டாம். யாக்கோபு 2:14ஐயும், பாவத்திலே நிலைநிற்கக் கூடாது என்கிற ரோமர் 6:1-2ஐயும் வாசித்து, விசுவாசம் உண்டென்று சொல்வது வேறு, விசுவாசம் வேறு என்று மட்டும் சொல்லுங்கள். ஞானஸ்நானச் சான்றிதழைக் காட்டி யாரும் ரோமர் 6ஐத் தாண்டிப் போக முடியாது. தேவன் மன்னித்தாலும் அடித்ததற்கு மனிதர் முன் பதில் சொல்லத்தான் வேண்டும். "கர்த்தர் மன்னித்துவிட்டார், நீயும் பொறுத்துக்கொள்" என்று அம்மாவிடம் சொல்வது இந்த உபதேசத்தின் பேரில் நடக்கும் அநியாயம், அதைப் பிள்ளைகள் காதுபடவே சொல்லிவிடுங்கள்.

பாடம் முடிந்ததும் அந்தப் பிள்ளையைத் தனியே விட்டுவிடாமல், நம்பிக்கையான ஒரு அக்காவைக் கூட வைத்துக்கொண்டு பேசுங்கள். இலங்கையின் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929. இரண்டையும் முன்கூட்டியே உங்கள் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.