கடை முட்டையை அடை வைத்துப் பார்த்த அனுபவம்

கடந்த கார்த்திகையில், ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் சமையலறையில் இருந்த முட்டைத் தட்டைக் காட்டி, "இதை அடை வைத்தால் குஞ்சு வருமாப்பா?" என்று கேட்டாள். வராது என்று ஒரு சொல்லில் முடித்துவிட எனக்கு மனமில்லை. திருநகரில் எங்கள் தெருமுனை மளிகைக்கடையில் 6 வெள்ளை முட்டைகளையும், நாட்டுக்கோழி முட்டை என்று தனிக்கூடையில் இருந்தவற்றில் 6 முட்டைகளையும் வாங்கி வந்தோம். கூடை முட்டைகள் செக்கானூரணிப் பக்கத்து வீடுகளிலிருந்து வருவதாகக் கடை அண்ணாச்சி சொன்னார்.

தெர்மாகோல் பெட்டிக்குள் குண்டு பல்பு, சிறிய மின்விசிறி, கிண்ணத்தில் தண்ணீர், வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட் ஆகியவற்றை அமைத்தேன். அடைக்கோழி அலகால் முட்டைகளைப் புரட்டுவதுபோல, மகள் நாளுக்கு மூன்று முறை அவற்றைப் புரட்டினாள். தவறிவிடக்கூடாது என்று ஒவ்வொன்றிலும் பென்சிலால் குறியும் இட்டிருந்தாள்.

ஏழாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு முட்டையாகப் பார்த்தோம். வெள்ளை முட்டைகள் ஆறிலும் மஞ்சள் கருவின் மங்கிய நிழலைத் தவிர வேறொன்றும் இல்லை. மகளின் முகம் வாடியதைக் கண்டு உசிலம்பட்டி அத்தைக்குத் தொலைபேசியில் சொன்னேன். "சேவல் மிதிக்காத முட்டைய எத்தன நாள் வச்சாலும் கூமுட்டைதான்ப்பா" என்றார் அவர். எங்கள் கடைகளுக்குப் பெரும்பாலும் நாமக்கல் பண்ணைகளிலிருந்து முட்டை வருகிறது. அங்கே கூண்டுகளில் பெட்டைகளை மட்டுமே வளர்க்கிறார்கள், சேவல் இல்லாமலேயே அவை முட்டையிடும், ஆகையால் அம்முட்டைகளில் கரு உருவாவதே இல்லை. "அப்படியானால் உள்ளே எந்தக் குஞ்சும் சாகவில்லையே?" என்று மகள் கேட்டாள். இல்லை என்று சொன்ன பிறகுதான் அன்றிரவு உறங்கினாள்.

முட்டையை உடைக்கும்போது சில வேளை தென்படும் இரத்தப் புள்ளியைக் கரு என்று நம்பிப் பலர் அருவருக்கிறார்கள். அது பெட்டையின் உடலுக்குள் மெல்லிய இரத்தக்குழாய் ஒன்று வெடித்ததால் வருவது. சேவலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பழுப்பு ஓடு இருந்தால் நாட்டுக்கோழி முட்டை என்பதும் அப்படித்தான்: ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, பண்ணைக் கோழிகளிலும் பழுப்பு முட்டையிடும் இனங்கள் உண்டு.

கூடை முட்டைகளில் நான்கு வெறுமையாக இருந்தன. இரண்டில் சிலந்தி வலைபோலச் செந்நரம்புகள் படர்ந்திருந்தன. அவற்றில் ஒன்று பத்தாம் நாள் பார்த்தபோது நரம்புகள் கலைந்து இரத்த வளையமாகி இருந்தது. கரு இறந்துவிட்டது என்று மறைக்காமல் சொன்னேன். அதை அவளே முருங்கையடியில் புதைத்தாள்.

18 நாள்கள் ஆனதும் புரட்டுவதை நிறுத்தி, ஈரப்பதம் கூடுவதற்காக இன்னொரு கிண்ணம் தண்ணீர் வைத்தோம். 20ஆம் நாள் மாலை ஓட்டில் விரிசல் கண்டது. ஓட்டைப் பிய்த்து உதவலாம் என்று மகள் கெஞ்சினாள். உள்சவ்வின் நரம்புகளில் இரத்தம் வற்றாதிருந்தால் குஞ்சு இறந்துவிடும் என்று தடுத்தேன். மறுநாள் விடியலில் அது தானாகவே வெளியே வந்தது.

உடலுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாள் தாங்கும் என்பதால் இரையைப் பற்றி நான் கவலைப்படவில்லை, ஆனால் தனியாக அது ஓயாமல் கத்தியதைத்தான் தாங்க முடியவில்லை. அத்தை வீட்டில் அப்போதுதான் ஒரு கோழி குஞ்சு பொரித்திருந்தது. இருட்டிய பின் அத்தை அதைக் கோழியின் இறக்கைக்கடியில் மெதுவாக நுழைத்தார். சிறிது நேரத்தில் சத்தம் அடங்கியது.