ஆலங்குடி எம்.எல்.ஏ. என்று தேடினால் புதுக்கோட்டை மாவட்டம் வருகிறது, எங்கள் ஊருக்கு யார்?

களத்துமேடு:

வணக்கம். குரு கோயில் ஆலங்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பதினோரு வருடம் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, ஓட்டும் அங்கேதான், அதனால் ஊர் நிலவரம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. அப்பாவுக்கு முடியவில்லை என்று போன தையில் ஊரோடு வந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் நெல் காயவைக்கக் களம் கிடையாது. ரோட்டில்தான் கொட்டுகிறோம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் சாதாரணமாக எடுப்பதில்லை, அதனால் வெயில் இருக்கும்வரை அப்பா காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே இருப்பார், பஸ் வந்தால் ஓரம் ஒதுங்குவார், பஸ் போனதும் டயர் ஏறிச் சிதறியதைத் துடைப்பத்தால் கூட்டி மறுபடி சேர்ப்பார். எழுபது வயதில் அவரை அப்படிப் பார்க்க மனசு கேட்கவில்லை. எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கலாம் என்று தேடினால் ஆலங்குடி தொகுதி என்று புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர் வருகிறார். அப்பாவோ "நம்ம வலங்கைமான் தொகுதிடா" என்கிறார். அதைத் தேடினால் பழைய தேர்தல் முடிவுகள் மட்டும்தான் இருக்கின்றன. நாங்கள் எந்தத் தொகுதி? அவர் யார், எப்படிப்பட்டவர் என்று எங்கே பார்ப்பது?

வலங்கை வாத்தியார்:

தம்பி, அப்பா சொல்வது ஒரு காலத்தில் சரி. வலங்கைமான் தனித் தொகுதியாக இருந்தது, 2006 தேர்தல்தான் அதற்குக் கடைசி. 2008-ல் தொகுதி மறுசீரமைப்பு வந்தபோது எடுத்துவிட்டார்கள், 2011-லிருந்து வலங்கைமான் வட்டம் நன்னிலம் தொகுதியில் இருக்கிறது. தொகுதி எண் 169. நீங்கள் பார்த்த ஆலங்குடி புதுக்கோட்டை மாவட்டத்து ஊர், அங்கே அதே பெயரில் தொகுதியும் உண்டு. நம் ஆலங்குடிக்குக் கோயில் உண்டு, தொகுதி கிடையாது.

நம் பக்கத்தில் இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததில்லை. 1991-ல் நாகப்பட்டினம் தனி மாவட்டமானபோது நாம் தஞ்சாவூரிலேயே இருந்தோம், 1997 ஜனவரி 1-ல் திருவாரூர் மாவட்டம் பிறந்தபோதுதான் வலங்கைமானையும் அதில் சேர்த்தார்கள். நாடாளுமன்றத்துக்கு நாம் நாகப்பட்டினம் தொகுதி. சாமான் வாங்கவும் ஆஸ்பத்திரிக்கும் ஓடுவது கும்பகோணத்துக்கு, அதனால் பாதிப் பேர் கும்பகோணம் எம்.எல்.ஏ.தான் நம்மவர் என்று நினைத்து அங்கே போய் நிற்கிறார்கள். பாவம், வயதானவர்கள் ஒரு நாள் பொழுதை விட்டுவிட்டுத் திரும்பி வருவதை நானே பார்த்திருக்கிறேன்.

செல்வி, நீடாமங்கலம்:

அப்பாவின் வாக்காளர் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், தொகுதி எண்ணும் பெயரும் இருக்கும். அட்டை பழசு என்றால் அதை நம்ப வேண்டாம், 1950-க்கு போன் செய்து அட்டை எண்ணைச் சொன்னால் சொல்லிவிடுவார்கள்.

பெயரைச் சட்டப்பேரவையின் தளத்தில் உள்ள உறுப்பினர் பட்டியலில் எடுங்கள். வேறு இடத்தில் எடுத்தால் போன தேர்தலில் ஜெயித்தவர் பெயரே மாறாமல் கிடக்கும். அப்புறம் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் அவர் வேட்புமனுவோடு கொடுத்த பிரமாணப் பத்திரம் இருக்கும், படிவம் 26. சொத்து, கடன், படிப்பு, தொழில், நிலுவையில் உள்ள வழக்கு எல்லாம் அதில் அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. 2002-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு வந்த வழக்கம் இது. தோற்றவர்களுடையதும் கிடைக்கும், அதையும் படியுங்கள்.

காவேரிப் பிள்ளை:

களம் கேட்கிறவருக்கு வழக்கும் சொத்தும் எதற்கு அக்கா?

செல்வி, நீடாமங்கலம்:

இருக்கிறது தம்பி. விவசாய நிலம் எந்தக் கிராமத்தில், எத்தனை ஏக்கர், சர்வே எண் என்ன என்பதுவரை அதில் எழுத வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு வயல் இருக்கிறதா, நெல் காயவைக்கிற பாடு தெரியுமா என்று தெரிந்துகொண்டு போனால் பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று நமக்கே பிடிபடும். நம் ஊருக்காகப் பேரவையில் பேசப் போகிறவரைப் பற்றி நாம் ஒன்றுமே தெரியாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் என்ன கேள்வி கேட்டார், மானியக் கோரிக்கையில் என்ன பேசினார் என்பதைப் பேரவை நடவடிக்கைக் குறிப்புகளில் தேடலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும்.

பழைய பி.டி.ஓ. ஆபீஸ்:

களத்துக்கு வருகிறேன். எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு, 2019-ல் வருடத்துக்கு இரண்டரைக் கோடியிலிருந்து 3 கோடியாக உயர்த்தினார்கள். ஆனால் அந்தப் பணம் அவர் கைக்கு வராது. அவர் வேலையைப் பரிந்துரைப்பார், அனுமதி கலெக்டர் தர வேண்டும். ஒருவரின் சொந்த இடத்தில் செய்ய முடியாது, பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். உலர்களம் அதற்குப் பொருந்தும். மொத்தத் தொகுதிக்கும் அந்த 3 கோடிதான் என்பதையும் நினைவில் வையுங்கள், ரோடு, பள்ளிக் கட்டடம், குடிநீர்த் தொட்டி என்று கேட்பவர்கள் நிறையப் பேர்.

இடம் எங்கே என்று மனுவிலேயே எழுதுங்கள். "எங்கள் ஊருக்குக் களம் வேண்டும்" என்று மட்டும் எழுதிய மனுக்கள் கட்டுக்கட்டாகக் கிடந்ததைப் பார்த்தவன் நான். புறம்போக்கு இடம் எது, சர்வே எண் என்ன, எத்தனை வீட்டு நெல் அங்கே காயும், இதை எழுதி ஊர்க்காரர்கள் கையெழுத்தும் வாங்குங்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டு நகலை இணைத்தால் இன்னும் வலு. மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, எது அடுத்து வருகிறதோ அதில் வையுங்கள்.

களத்துமேடு:

எல்லோருக்கும் நன்றி. அட்டையில் 169 நன்னிலம் என்றே இருக்கிறது, அப்பா கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்தார். பிரமாணப் பத்திரத்தை நேற்று ராத்திரி முழுதும் படித்தேன். எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போன் செய்தேன், நல்லபடியாகப் பேசினார்கள், அவர்கள் முதலில் கேட்டதும் சர்வே எண்தான்! பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் கருவேலம் மண்டிக் கிடக்கும் இடம் புறம்போக்கு என்று அப்பா சொல்கிறார். நாளைக் காலையில் வி.ஏ.ஓ.வைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, மனுவை எழுதி இங்கே போடுகிறேன், ஐயா ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.