முதல் மோட்டார்ஹோம்: எந்த பிராண்டை நம்பி வாங்கலாம்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வழிப்போக்கன்:
வணக்கம் நண்பர்களே. நானும் மனைவியும் வாடகை மோட்டார்ஹோமில் (படுக்கை, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி) சுற்றிப் பழகிவிட்டோம். இனி சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று முடிவு. பிள்ளைகள் இருவரும் கூட வருவார்கள். ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் பெயர்கள்தான் கொட்டுகின்றன. ஹைமர் என்கிறார் ஒருவர், அட்ரியா போதும் என்கிறார் இன்னொருவர், வின்னபேகோவைத் தவிர வேறெதையும் தொடாதே என்கிறார் மூன்றாமவர். டீலரிடம் போனால் அவர் விற்பதுதான் உலகத்திலேயே உசத்தி. வாங்கி மகிழ்ந்தவர்கள், வாங்கி நொந்தவர்கள் எல்லோரும் எழுதுங்கள். பிராண்டைப் பார்த்தா வாங்கினீர்கள், இல்லை வேறு எதைப் பார்த்தீர்கள்?

ஸ்பேனர்:
சார், நான் மோட்டார்ஹோம் பணிமனையில் வேலை பார்க்கிறவன். பெயர்ப்பலகையைப் பார்க்கிறவன் அல்ல, அதைக் கழற்றிவிட்டு உள்ளே பார்க்கிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. ஒரு மோட்டார்ஹோமுக்கு ஒரே ஒரு பிராண்ட் கிடையாது. எஞ்சினும் சேசிஸும் (சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டம்) ஒருவருடையது. ஐரோப்பிய வண்டி என்றால் பெரும்பாலும் ஃபியட் டுகாட்டோ, அப்புறம் மெர்சிடீஸ் ஸ்ப்ரின்ட்டர், ஃபோர்டு ட்ரான்சிட். அமெரிக்கப் பெட்ரோல் ஏ கிளாஸ் (பஸ் மாதிரி இருக்கும் பெரிய வகை) என்றால் ஃபோர்டு எஃப்-53, பெரிய டீசல் வண்டிக்கு அநேகமாக ஃப்ரைட்லைனர். ஹீட்டர் ட்ரூமாவாக இருக்கும். ஃப்ரிட்ஜும் கழிவறையும் டொமெட்டிக் அல்லது தெட்ஃபோர்டு. விலை குறைந்த வண்டியிலும் இதே ஆட்கள்தான், விலை கூடிய வண்டியிலும் இதே ஆட்கள்தான். வெளியே பெயர் ஒட்டியிருப்பவர் சொந்தமாகச் செய்வது பெட்டியை மட்டும்: சுவர், கூரை, தரை, மரவேலை, ஒயரிங், குழாய். ஆகவே பிராண்டை எடைபோடுவது என்றால் பெட்டியை எடைபோடுவதுதான். பெட்டிக்கு எமன் தண்ணீர்.

ஒரு வண்டி வந்தது. பெயரைச் சொன்னால் இங்கே பாதிப் பேர் வாயைப் பிளப்பீர்கள், அவ்வளவு மதிப்பான பெயர். 'உள்ளே லேசாக ஒரு வாடை அடிக்கிறது' என்றார் உரிமையாளர். வெளியே கீறல் இல்லை, பளபளவென்று இருந்தது. பின்பக்கத் துணி அலமாரியைத் திறந்து, கீழ் மூலையில் கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. வால்பேப்பர் மட்டும்தான் அந்த இடத்தில் சுவராக நின்றுகொண்டிருந்தது. ஈரமானியை (சுவரின் ஈரத்தை அளக்கும் கருவி) வைத்தால் முப்பது சதவீதத்தைத் தாண்டுகிறது. தண்ணீர் எங்கிருந்து என்று தேடினால், பின்பக்கம் உச்சியில் இருக்கும் சின்ன சிவப்பு விளக்கு. அதைச் சுற்றிய சீலன்டில் நூலிழை அளவுக்கு விரிசல். அங்கே நுழைந்த மழைநீர் சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, தரை மூலையில் தேங்கி, மரத்தை இற்றுப்போக வைத்திருக்கிறது. பல மழைக்காலம் பிடித்திருக்கும்.

இந்தச் சுவர்கள் எல்லாம் அடுக்குச் சுவர்கள். வெளியே அலுமினியம் அல்லது ஃபைபர்கிளாஸ், நடுவே நுரைப்பலகை, உள்ளே மெல்லிய ப்ளைவுட். ஈரம் புகுந்தால் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும், வெளியே கொப்புளம் போல உப்பும். இப்போது பல கம்பெனிகள் மரச்சட்டத்தை விட்டுவிட்டு, ஈரம் குடிக்காத பாலியூரித்தேன் சட்டம் போடுகின்றன. தரையின் அடிப்பக்கத்துக்கும் ஃபைபர்கிளாஸ் போடுகிறார்கள். டீலரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: சுவருக்குள் மரம் இருக்கிறதா? இரண்டாவது: கூரை எதில் செய்தது? ஃபைபர்கிளாஸ் கூரை ஆலங்கட்டி மழையை நன்றாகத் தாங்கும், அலுமினியத்தில் குழி விழும். பழைய வண்டி என்றால் ஈரமானி இல்லாமல் போகாதீர்கள். பதினைந்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. இருபதைத் தாண்டினால் காரணம் தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஜன்னல் மூலை, கூரைத் திறப்பின் ஓரம், தரையும் சுவரும் சேருமிடம், எல்லா இடத்திலும் வைத்துப் பாருங்கள்.

மேகக்குடை:
ஸ்பேனர் அண்ணா சொல்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் பார்த்த ஒரு வண்டிக்குத் தண்ணீர் புகாது என்று பல வருட வாரண்டி, விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. நான் சேவைப் புத்தகத்தைக் கேட்டேன். விற்பவர் காரில் தேடினார், வீட்டில் தேடினார், கடைசியில் கொண்டுவந்து கொடுத்தார். வருடா வருடம் அங்கீகாரம் பெற்ற பணிமனையில் ஓதம் சோதித்து முத்திரை வாங்க வேண்டும், அப்போதுதான் அந்த வாரண்டி செல்லும் என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. முதல் பக்கத்தில் முத்திரை இருந்தது. அடுத்த பக்கம் காலி. அதற்கடுத்ததும் காலி. வாரண்டி காகிதத்தில் உயிரோடு இருந்தது, அவ்வளவுதான். வண்டி வறண்டுதான் இருந்தது, ஆனாலும் வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

இன்னொன்று, வாரண்டி ஒன்றல்ல. சேசிஸுக்குத் தனி, பெட்டிக்குத் தனி, ஹீட்டர் ஃப்ரிட்ஜ் எல்லாவற்றுக்கும் அவரவர் கம்பெனி தனி. ஒரு கோளாறு என்றால் இவர் அவரைக் கைகாட்டுவார், அவர் இவரைக் கைகாட்டுவார். 'எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று எழுதிக் கொடுக்கிற டீலர் கிடைத்தால் விடாதீர்கள்.

பழைய டீசல்:
பெயர்களின் குடும்ப மரத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அமெரிக்காவில் தோர் என்ற குழுமம் 1980-ல் ஏர்ஸ்ட்ரீமை வாங்கித்தான் தொடங்கியது. 2016-ல் ஜேகோ, 2019-ல் ஜெர்மனியின் எர்வின் ஹைமர் குழுமம், 2020 கடைசியில் டிஃபின். ஹைமர் குழுமம் என்றால் ஹைமர் மட்டுமல்ல. டெத்லெஃப்ஸ், பியூர்ஸ்ட்னர், நீஸ்மன்+பிஷாஃப் எல்லாம் அதற்குள் அடக்கம். வின்னபேகோ 1958-லிருந்து இருக்கிற பெயர், 2019-ல் நியூமாரையும் வாங்கிக்கொண்டது. ஃபாரஸ்ட் ரிவர் 2005-லிருந்து பெர்க்‌ஷயர் ஹாத்தவே என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தின் சொத்து. பிரான்சின் ட்ரிகானோ குழுமத்தில் ஷோசோன், சேலஞ்சர் எல்லாம் உண்டு, ஸ்லோவேனியாவின் அட்ரியா 2017-ல் அதில் சேர்ந்தது. க்னவுஸ், வைன்ஸ்பெர்க் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

கராடோவும் சன்லைட்டும் இன்னும் வேடிக்கை. இரண்டும் ஜெர்மனியில் அதே ஹைமர் குழுமத்தின் காப்ரோன் என்ற ஒரே ஆலையிலிருந்து வருகின்றன. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஸ்டிக்கரும் துணி நிறமும் மாறியிருக்கும். இதற்காக இரண்டு டீலரிடம் நடையாய் நடந்து, எது தரமானது என்று இரவெல்லாம் ஒப்பிட்டவர்களை எனக்குத் தெரியும். உங்களுக்குப் பக்கத்தில் எந்த டீலர் இருக்கிறாரோ அதை வாங்குங்கள், வேலை முடிந்தது.

அப்படியானால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். ஒரே முதலாளிக்குள் படிநிலை உண்டு. நீஸ்மன்+பிஷாஃப் வேறு, சன்லைட் வேறு. குழுமம் பெரியது என்பதால் கிடைக்கும் ஒரே லாபம் உதிரிபாகம். தரத்தை அந்தந்த மாடலில்தான் பார்க்க வேண்டும்.

டிஃபினைப் பற்றி ஒரு வார்த்தை. அலபாமாவின் ரெட் பே என்ற சிற்றூரில் அவர்களுடைய சேவை மையம் இருக்கிறது. வண்டியோடு போய் அங்கேயே தங்கி, பகலில் வேலை, இரவில் அதே வண்டியில் தூக்கம் என்று உரிமையாளர்கள் சரிசெய்துகொண்டு வருகிறார்கள். அந்தப் பெயருக்கு இருக்கிற மரியாதையில் பாதி அந்த வாகன நிறுத்தத்தில் சம்பாதித்தது என்பேன். கோளாறே வராத மோட்டார்ஹோமை நான் இதுவரை பார்த்ததில்லை. வந்தபின் யார் கதவைத் திறக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

நடைவண்டி:
எல்லோரும் 'பிராண்ட் முக்கியமில்லை' என்ற பக்கம் சாய்கிறீர்கள், எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. எங்கள் வண்டியின் பின் விளக்குச் சட்டத்தை ஒருவர் ரிவர்ஸில் வந்து உடைத்துவிட்டார். அது அந்தக் கம்பெனிக்கென்றே வார்த்த பிளாஸ்டிக், வெளியே எங்கும் கிடைக்காது. பெரிய பிராண்ட் என்பதால் கொஞ்ச நாளில் வந்து சேர்ந்தது. எங்களோடு கூடவே சுற்றும் நண்பருடையது ஒரு சின்னக் கம்பெனியின் வண்டி, தச்சு வேலையில் எங்களுடையதை விட ஒரு படி மேல். அந்தக் கம்பெனி மூடிவிட்டது. அவர் ஒரு ஜன்னலுக்காகப் பழைய வண்டி உடைக்கிற இடங்களாக ஏறி இறங்குகிறார். திரும்ப விற்கும்போதும் நாலு பேர் கேள்விப்பட்ட பெயர் என்றால்தான் போன் வரும். முதல் வண்டியை யாரும் கடைசி வரை வைத்துக்கொள்வதில்லை.

வழிப்போக்கன்:
நிறையப் புரிகிறது, நன்றி. பட்டியலில் இப்போது இரண்டு இருக்கின்றன. இரண்டிலும் நான்கு பேருக்குப் படுக்கை, நான்கு சீட் பெல்ட், ஆளும் சாமானும் சேர்ந்த மொத்த எடை வரம்பு 3,500 கிலோ. எங்களுக்கு இது போதும்தானே?

இரட்டைச்சக்கரம்:
தம்பி, படுக்கை நான்கு இருப்பதால் நான்கு பேர் போகலாம் என்று அர்த்தமில்லை! எடைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஐரோப்பாவில் சாதாரண கார் லைசென்ஸ்காரர்களை மனதில் வைத்துத்தான் இத்தனை வண்டிகள் 3,500 கிலோவில் வருகின்றன. விளம்பரத் தாளில் 'ஓடும் நிலையில் எடை' 3,000 என்று போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 500 என்று தோன்றும். அந்த 3,000-க்கு ஐந்து சதவீதம் முன்பின் இருக்க விதி அனுமதிக்கிறது. அதாவது உங்கள் கைக்கு வருவது 3,150 ஆகவும் இருக்கலாம். ஓட்டுநருக்கு 75 கிலோ அதில் அடக்கம், மற்ற மூவரும் வெளியே. தண்ணீர்த் தொட்டி நூறு லிட்டர் பிடிக்கும், ஆனால் கணக்கில் இருபது லிட்டர் மட்டும் வைத்துக் காட்டுகிற வழக்கமும் உண்டு. நிரப்பினால் இன்னும் எண்பது கிலோ. பிறகு டீலர் ஆசையாகச் சேர்க்கும் வெளிநிழல் துணி, சோலார் பலகை, இரண்டாவது பேட்டரி, சைக்கிள் மாட்டி. கடைசியில் துணிமணிக்கும் பாத்திரத்துக்கும் இடம் இருக்காது.

நான் என்னுடையதை முழுத் தொட்டியோடு, எல்லோரையும் உட்கார வைத்து எடைமேடையில் ஏற்றினேன். முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியாக எடைபோடச் சொன்னேன். மொத்தம் வரம்புக்குள் இருந்தது. பின் அச்சு மட்டும் தாண்டியிருந்தது, எல்லாச் சாமானும் பின்பக்கப் பெட்டியில்தானே அடைக்கிறோம். பின் சக்கரத்துக்குப் பின்னால் உடம்பு நீண்ட வண்டிகளில் இது அதிகம். டுகாட்டோ போன்ற முன்சக்கர இழுவை வண்டி என்றால் ஈரப்புல்லில் முன்சக்கரம் பிடிமானம் இல்லாமல் சுழலும், அதற்கும் இதே காரணம்தான்.

அமெரிக்க வண்டி என்றால் வாசல் பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு தாண்டக்கூடாது என்று. வரவேற்பறை மாதிரி சோபாவைப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் படியுங்கள்.

மேகக்குடை:
வீட்டம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிப்போய், ஷோரூம் வண்டியில் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி உட்காருங்கள். ராத்திரிப் படுக்கையை விரித்துப் பாருங்கள், அதை விரித்த பிறகு கழிவறைக்குப் போக வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். விற்பனையாளர் முறைப்பார், முறைக்கட்டும்.

வழிப்போக்கன்:
கடைசிச் சந்தேகம். புதுசா, இரண்டு மூன்று வருடம் ஓடியதா?

ஸ்பேனர்:
ஓட்டை உடைசல் இல்லாத இரண்டு மூன்று வருட வண்டி கிடைத்தால் என் ஓட்டு அதற்குத்தான். புது வண்டியில் கதவு தட்டும், குழாய் மூட்டு கசியும், ஒயர் கழன்றிருக்கும். முதல் உரிமையாளர் அதற்கெல்லாம் டீலரிடம் நடந்து முடித்திருப்பார். டயரை மட்டும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-ன் இருபத்து மூன்றாவது வாரம். இந்த வண்டிகளில் டயர் தேய்வதற்கு முன்னால் வயதாகிவிடும், டயரின் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பழசு பழசுதான்.

புதுசுதான் என்றால், எடுத்த அன்றே தூரப் பயணம் கிளம்பாதீர்கள். டீலர் பக்கத்திலேயே இரண்டு மூன்று இரவு தங்குங்கள். தண்ணீர் நிரப்பி எல்லாக் குழாயையும் திறந்து, தொட்டிக்கு அடியில் கை வைத்துப் பாருங்கள். ஹீட்டரை இரவு முழுக்க ஓட்டுங்கள். ஃப்ரிட்ஜ் கேஸ், பேட்டரி, வீட்டு மின்சாரம் மூன்றிலும் ஓடும் வகை என்றால் மூன்றிலும் ஓட்டிப் பாருங்கள், வண்டி சமமாக நிற்க வேண்டும், சாய்ந்து நின்றால் அந்த வகை சரியாகக் குளிராது.

வழிப்போக்கன்:
சரி. ஈரமானி ஆர்டர் போட்டாச்சு. புதுசு பட்டியலைத் தள்ளிவைத்துவிட்டு, இரண்டரை வருடம் ஓடிய ஒரு அட்ரியாவைப் பார்க்கப் போகிறோம். சேவைப் புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 'நேரில் வாருங்கள், காட்டுகிறேன்' என்கிறார்.

மேகக்குடை:
படம் வந்த பிறகு கிளம்புங்கள்.