கியூ காய்ச்சல் ஊசி: உங்கள் அனுபவம் என்ன?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இறைச்சி ஆலை வேலைக்கு விண்ணப்பித்தபோது, கியூ காய்ச்சல் தடுப்பூசி போட்டிருக்கிறாயா என்றுதான் முதலில் கேட்டார்கள். இந்தக் காய்ச்சலை இனம் கண்டதே இந்த மாநிலத்தில்தானாம். 1935இல் பிரிஸ்பேன் இறைச்சிக்கூடத் தொழிலாளர்களுக்குக் காரணம் புரியாத காய்ச்சல் வந்தபோது டாக்டர் டெரிக் அதை ஆராய்ந்திருக்கிறார். இது ஆடுமாடுகளிடமிருந்து நமக்குத் தொற்றுவது; அவற்றுக்குப் பெரும்பாலும் எதுவும் வெளியே தெரியாது. ஆனால் ஈனும்போது நஞ்சுக்கொடியோடு கிருமி ஏராளமாக வெளியேறி, காய்ந்து, தூசியோடு தூசியாகப் பறக்கிறது. மூச்சில் போனாலே போதும்.

போன அன்றே ஊசி போட்டுவிட மாட்டார்கள். கிருமி ஏற்கெனவே உடம்புக்குள் போயிருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள், முன்கையில் தோலுக்குள் ஒரு சொட்டு சோதனை மருந்தை ஏற்றினார்கள். 7 நாள் கழித்துப் போனபோது நர்ஸ் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். தடிப்பு இல்லை, ரத்தமும் சுத்தம். அப்புறம்தான் ஊசி. ஒரே ஒரு தடவைதான். கை இரண்டு நாள் வலித்தது, அவ்வளவே. அது வேலை செய்யத் தொடங்க இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஊர் ஊராகப் போய் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் ஆட்கள் பலர் ஊசி போடாமலே இருப்பதற்கு இந்த இடைவெளிதான் காரணம் என்பேன். அடுத்த வாரம் அவர்கள் எந்தப் பண்ணையில் இருப்பார்களோ!

பதில் 1
எனக்குத் தடிப்பு வந்துவிட்டது. “உங்களுக்கு ஊசி கிடையாது” என்றதும் வேலை போச்சு என்றே நினைத்தேன். சின்ன வயதில் வீட்டில் ஆடு வளர்த்தோம், குட்டி போடும்போது வெறுங்கையால்தான் இழுப்போம். எப்போதோ கிருமி உள்ளே போயிருக்கிறது. அப்படிப்பட்ட உடம்பில் ஊசி போட்டால் அந்த இடம் மோசமாக வீங்கிச் சீழ் பிடிக்கலாம் என்று விளக்கினார்கள். எதிர்ப்பாற்றல் இருப்பதாக எழுதித் தந்ததை ஆலையில் ஏற்றுக்கொண்டார்கள். தயவுசெய்து பழைய கதையை மறைக்காதீர்கள்.

பதில் 2
நான் இருப்பது நெதர்லாந்தில். 2007 முதல் 2010 வரை இங்கே 4,000க்கும் மேற்பட்டோருக்கு இது வந்தது. ஆட்டைத் தொட்டே பார்க்காதவர்கள்தான் அதிகம். பால் பண்ணை ஆடுகளுக்குக் கருச்சிதைவு ஏற்பட, காற்று மீதியைப் பார்த்துக்கொண்டது. 2011இல் ஆஸ்திரேலிய ஊசியை வரவழைத்தபோது இதய வால்வு, ரத்தக்குழாய்க் கோளாறு உள்ளவர்களுக்குத்தான் போட்டார்கள், ஏனென்றால் கிருமி வருடக்கணக்கில் பதுங்கி வால்வைத் தாக்குவது அவர்களிடம்தான் அதிகம். என் மாமனாரும் அந்த வரிசையில் நின்றவர். “எனக்கும் ஆட்டுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கடைசிவரை முணுமுணுத்துக்கொண்டே போனார்.

பதில் 3
என் மச்சான் கால்நடை லாரி ஓட்டுபவர். ஊசி போடாமலே காலம் கடத்தினார். உடம்பு நனைய வியர்வை, தலை பிளக்கும் வலி. ஃப்ளூ என்று நினைத்துப் படுத்திருந்தார். லாரி ஓட்டுவதைச் சொன்ன பிறகே டாக்டர் சோதித்து டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தார். காய்ச்சல் போய் மாதங்களாகியும் மாடிப்படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார். சரி, ஒரு சந்தேகம்: பள்ளி விடுமுறையில் அவரோடு போகும் 13 வயது மகனுக்கு ஊசி போடலாமா?

முதலில் எழுதியவர்
எனக்குச் சொன்னவரை 15 வயதுக்குக் கீழே போடுவதில்லை. ஆடுமாடு ஈனும் இடத்துக்கும் லாரி கழுவும் இடத்துக்கும் பையனை அனுப்பாதீர்கள். மச்சானின் வேலை உடுப்பையும் தனியாகத் துவையுங்கள்.