புதுப்பிப்பு: இரண்டு செயலிகளுக்கும் ஒரே கூலி விகிதம், இப்போது சரி

போன வாரம் கேட்டிருந்தேன்: சுங்கை சிப்பூட்டில் எங்கள் செம்பனைத் தோட்ட ஆபீஸில், ஒரே டாம்கேட்டில் (ஜாவா வலைச் செயலிகளை ஓட்டும் சர்வர்) இரண்டு ஜாவா வலைச் செயலிகள் ஓடுகின்றன. ஒன்று குலை எடை பதிய, மற்றது சம்பளம் போட. கிராணி (தோட்ட எழுத்தர்) எடைச் செயலியில் மாற்றிய கூலி விகிதம் ஸ்டாட்டிக் மாறியில்தான் (ஒரு கிளாஸுக்கு ஒன்றே ஒன்றாக இருக்கும் மாறி) இருக்கிறது. சம்பளச் செயலிக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

காரணம் கிளாஸ் லோடர், அதாவது கிளாஸ்களை நினைவகத்தில் ஏற்றும் பகுதி. டாம்கேட் ஒவ்வொரு செயலிக்கும் தனி லோடர் தருகிறது. ஒரே ஜார் (கிளாஸ்களின் தொகுப்புக் கோப்பு) இரண்டு செயலிகளின் வெப்-இன்ஃப் லிப் கோப்புறையிலும் இருந்தால், அந்தக் கிளாஸ் இரண்டு முறை ஏறும். பெயர் ஒன்றுதான், ஆனால் ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம்முக்கு அவை இரண்டு கிளாஸ்கள். ஸ்டாட்டிக் மாறியும் இரண்டு.

ஜாரை, எல்லாச் செயலிகளும் பகிரும் டாம்கேட்டின் சொந்த லிப் கோப்புறையில் போட்டேன். முதல் நாள் ஒன்றும் மாறவில்லை. செயலிகளுக்குள் பழைய பிரதி அப்படியே கிடந்தது. டாம்கேட் வழக்கமாக அதைத்தான் முதலில் எடுக்கும். இரண்டிலும் அழித்து, மறுபடி துவக்கியதும் வேலை செய்தது. அன்று மனசுக்கு எவ்வளவு நிம்மதி!

அப்புறம், பொதுக் கிளாஸில் செயலியின் சொந்த ஆப்ஜெக்டுகளை வைக்காதீர்கள். வைத்தால் செயலியை நிறுத்தினாலும் அதன் லோடர் நினைவகத்தை விடாது. நான் ஸ்ட்ரிங்கும் எண்ணும் மட்டும், கான்கரன்ட்ஹாஷ்மேப்பில் (ஒரே நேரத்தில் பல பேர் தொட்டாலும் கெடாத அட்டவணை) வைத்திருக்கிறேன்.

டாம்கேட் நின்றால் ஸ்டாட்டிக் மதிப்பு போய்விடும். குலை வெட்டுபவரின் கூலி ஒரு சென்கூட தவறக் கூடாது. அதனால் விகிதத்தை டேட்டாபேஸிலும் எழுதி, துவங்கும்போது அங்கிருந்தே படிக்கிறேன்.