மூல நிரலில் நம் திருத்தங்களோடு பதிப்பு உயர்த்திய அனுபவங்கள்

லினக்ஸில் சாளரங்களை அடுக்கித் தரும் டிடபிள்யூஎம் மென்பொருளில் ஒரு குறுக்குவிசையை மாற்றுவதானாலும் அதன் சி மொழி நிரலைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்தாக (இயங்கும் வடிவுக்கு மாற்றியாக) வேண்டும் என்பதால், அதைப் பயன்படுத்துகிற ஏறக்குறைய எல்லோருமே தமக்கென ஒரு பிரதியைப் பராமரிப்பவர்கள்தாம். நான் 6.2 பதிப்பின் மேல் இரண்டு பேட்ச்களை (நிரலில் சேர்க்கும் திருத்தத் தொகுப்புகளை) போட்டிருந்தேன்: ஒன்று சாளரங்களுக்கு நடுவே இடைவெளி விடுவது, மற்றொன்று ஒவ்வொரு டேகின் (சாளரங்களைக் குழுவாக்கும் அடையாளத்தின்) தளவமைப்பையும் தனித்தனியே நினைவில் வைப்பது. அவற்றையும் என் கைத்திருத்தங்களையும் சேர்த்து, ‘மாற்றங்கள்’ என்ற ஒற்றைச் சொல்லோடு கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் ஒரே கமிட்டாக (ஒரே மாற்றப் பதிவாக) ஆக்கியதுதான் நான் செய்த தவறு.

2022இல் 6.3 வந்ததும் ரீபேஸ் செய்தேன், அதாவது என் கமிட்டைப் புதிய பதிப்பின் மேல் எடுத்து வைத்தேன். இரு பக்கத் திருத்தங்களும் முட்டிக்கொள்ளும் இடங்களில் கிட் இடும் மோதல் குறிகளுக்கு நடுவே எந்த வரி எந்தப் பேட்சுக்கு உரியது என்பது, எழுதிய எனக்கே விளங்கவில்லை. ஒருவழியாகத் தீர்த்த பிறகும், ‘லாக்ஃபுல்ஸ்கிரீன்’ என்ற மாறி அறிவிக்கப்படவில்லை என்று கம்பைலர் மறுத்தது. அரைமணி நேரம் பேட்ச்களையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன். அந்த மாறி, முன்னிருப்பு அமைப்புகள் உள்ள கான்ஃபிக்.டெஃப்.ஹெச் கோப்பில் புதிதாகச் சேர்ந்திருந்தது, ஆனால் அதன் நகலான கான்ஃபிக்.ஹெச் ஏற்கெனவே இருந்தால், கம்பைல் வேலையை நடத்தும் மேக் கருவி மீண்டும் நகலெடுப்பதில்லை என்பதால், கிட் கண்காணிப்பில் இல்லாத என் பழைய கோப்பே கம்பைல் ஆகிக்கொண்டிருந்தது.

இப்போது, மூலப் பதிப்பு அப்படியே இருக்கும் மாஸ்டர் கிளையில் நான் கை வைப்பதில்லை. தனிக் கிளையில் பேட்சுக்கு ஒரு கமிட். எங்கிருந்து எடுத்தேன், ஏன் வேண்டும் என்பது கமிட் செய்தியிலேயே இருக்கும். சொந்த அமைப்புகளையும் கான்ஃபிக்.டெஃப்.ஹெச்சிலேயே திருத்தி, மேக் செய்யுமுன் கான்ஃபிக்.ஹெச்சை நீக்கிவிடுகிறேன். கிட்டின் ‘ரெரெரெ’ வசதியை இயக்கி வைத்திருப்பதால், ஒருமுறை தீர்த்த மோதல் அப்படியே திரும்பி வந்தால் அது தானாகவே தீர்ந்துவிடுகிறது.

*

மேலே எழுதிய நண்பருக்கு வணக்கம். கமிட்டைப் பிரிப்பது பற்றி நீங்கள் சொன்னதில் மாற்றுக் கருத்தில்லை. ரீபேஸில்தான் எனக்குத் தயக்கம். அலுவலகக் கணினியிலும் வீட்டு மடிக்கணினியிலும் ஒரே கிளையை வைத்திருந்த நான், வீட்டில் ரீபேஸ் செய்து ஃபோர்ஸ் புஷ் கொடுத்தேன், அதாவது இரண்டுக்கும் பொதுவான களஞ்சியத்தில் இருந்ததை வலுக்கட்டாயமாக மேலெழுதினேன். முந்தைய நாள் அலுவலகத்திலிருந்து புஷ் செய்த கமிட் ஒன்று அதில் அடிபட்டுப் போனது. அலுவலகக் கணினியில் கிளை நகர்ந்த இடங்களைக் கிட் குறித்து வைக்கும் ரெஃப்லாக்கில் தேடி அதை மீட்டேன். அன்றிலிருந்து, பழைய கமிட்களை மாற்றாமல் இரு கிளைகளையும் இணைக்கும் மெர்ஜ்தான், வரலாறு சிக்கலாகத் தெரிந்தாலும் பொறுத்துக்கொள்கிறேன்.

*

ரீபேஸ் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 2018இல் கிட் 2.19உடன் வந்த ரேஞ்ச்-டிஃப் கட்டளை, ரீபேஸுக்கு முன்னும் பின்னும் உள்ள கமிட்களை இணை இணையாக ஒப்பிட்டுக் காட்டும். மோதலைத் தீர்க்கும்போது ஒரு வரியை நான் அறியாமல் விழுங்கிவிட்டதை, புஷ் கொடுக்குமுன் அதில்தான் கண்டுபிடித்தேன்.