தேத்தண்ணியும் வடையும் விட்டால் லட்சாதிபதியா?

லயத்துப்பிள்ளை:
நேற்று ராத்திரி ஒரு ஊக்கப் பேச்சு வீடியோ வந்தது. கொழும்பிலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் பேசுகிறார். மலையகத் தேயிலைத் தோட்டத்து மக்கள் கடைத் தேத்தண்ணிக்கும் வடைக்கும் நாளைக்கு 100 ரூபா செலவழிக்கிறார்களாம். அதை விட்டால் பத்து வருஷத்தில் 3 லட்சத்து 65 ஆயிரம், வட்டியோடு ஐந்து லட்சத்தைத் தாண்டுமாம். மனம் இருந்தால் போதுமாம். எனக்கு வயிறு எரிந்தது. என் அம்மா 31 வருஷம் கொழுந்து பறித்தவர். எந்த மலையில் தேத்தண்ணிக்கடை இருக்கிறது? விடிந்தால் வேலை பிரிக்கும் பெரட்டுக்களம், அப்புறம் மலை, கையில் வீட்டில் ஊற்றிய, பால் இல்லாத சாயத்தண்ணிப் போத்தல். செலவழிக்காத 100 ரூபாவை எப்படி மிச்சம் பிடிப்பது?

ஹட்டன் கடைக்காரர்:
தங்கச்சி, நானும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவன்தான். சம்பள நாளில் என் கடைக்கு வந்து பாருங்கள். தேத்தண்ணி, வடை, பீடி, போனுக்கு ரீலோட். 100 இல்லை, 300 போகிறது. பஸ் ஸ்டாண்டில் ஒரு தட்டு வடையோடு தொடங்கினவன் நான். சாராயம் தொட்டதில்லை. இன்று கடை என் பெயரில் இருக்கிறது. அந்த மனிதர் சொன்னதில் என்ன பிழை?

பதுளைக் கணக்கு:
பிழை விலையில் இருக்கிறது. 100 ரூபாவுக்குத் தேத்தண்ணியும் வடையும் எந்தக் கடையில் கிடைக்கிறது? பதுளை டவுனில் பால் தேத்தண்ணிக்கே அது காணாது.

ஹட்டன் கடைக்காரர்:
என் கடையில் கிடைக்கிறது. சாயம் 40, வடை 60.

பதுளைக் கணக்கு:
அந்த 60 ரூபா வடை என்ன அளவு? பொத்தான் அளவா?

லயத்துப்பிள்ளை:
வடையின் அளவை விடுங்கள். சம்பளக் கணக்கைச் சொல்கிறேன். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா. 2024 செப்டம்பரில் 1350 ஆனது. போன வருஷம் அம்மா வேலையை விடும்போது வாங்கியது அந்த 1350தான். மாதம் 25 நாள் வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். மழை, காய்ச்சல், கொழுந்து இல்லாத காலம் எல்லாம் போக அம்மாவுக்குப் பல மாதங்களில் 18 பேர்தான், அதாவது 18 நாள் சம்பளம்தான், விழுந்தது. பறித்த கொழுந்தின் எடை குறைந்த அன்றைக்கு அரைப்பேர். சரி, 18 முழுப்பேர் என்றே வைப்போம். 24,300 ரூபா. சேமலாப நிதிக்கு ஆகக் குறைந்த 8 வீதத்தைக் கழித்தாலே 1,944 போய்விடும். மிச்சம் 22,356. அதற்குப் பிறகு தீபாவளி முற்பணம், கோயில் காசு, சங்கச் சந்தா. இதில் நாளைக்கு 100 என்றால் மாதம் 3,000. கைக்கு வருவதில் ஏழில் ஒரு பங்குக்குக் கிட்ட. அந்தக் கோட்டுக்காரர் தன் சம்பளத்தில் ஏழில் ஒரு பங்கை வெட்டிக் காட்டட்டும், பிறகு மனத்தைப் பற்றிப் பேசட்டும்.

மஸ்கெலியா அக்கா:
மகளே, நான் 27 வருஷம் மலையில் நின்றவள். முடியாது என்று மட்டும் எழுத வேண்டாம். லயத்துக்குப் பின்னால் நோக்கோலும் போஞ்சியும் போட்டேன். கறிக்குக் கடைக்குப் போனது குறைவு. தபால் கந்தோரில் தேசிய சேமிப்பு வங்கிப் புத்தகம் வைத்து மாதம் 500 போட்டேன். மகளின் உயர்தரப் பரீட்சை டியூஷன் காசு அதிலிருந்துதான் போனது. அது எனக்குப் பெருமை.

ஹட்டன் கடைக்காரர்:
அக்கா சொன்னது காதில் விழுந்ததா?

லயத்துப்பிள்ளை:
விழுந்தது. அக்காவின் கையைக் கும்பிடுகிறேன். ஆனால் அக்கா வெட்டியது தேத்தண்ணியை இல்லை. வேலை முடிந்து வந்து இருட்டும் வரை மண் கொத்தியிருக்கிறார். அதற்குப் பெயர் இன்னொரு வேலை. அதைச் "சின்னச் சிக்கனம்" என்று வீடியோவில் சொன்னால் எனக்குக் கோபம் வரும். அக்கா, அந்தப் புத்தகத்தில் 2022இல் எவ்வளவு இருந்தது? அந்த வருஷம் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதத்தில் 360க்குப் போனது. செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. பத்து வருஷம் போட்ட காசு கோதுமை மாவுக்குப் பறந்தது. போதாததற்கு வட்டியில் 2023இலிருந்து 5 வீதம் வரி பிடித்தார்கள், 2025 ஏப்ரலிலிருந்து 10 வீதம்.

ஹட்டன் கடைக்காரர்:
அதனால்தான் நகையாக வாங்கச் சொல்வேன். பவுன் கரையாது.

லயத்துப்பிள்ளை:
பவுன் அடகுக் கடையில் இருக்கிறது அண்ணா. பள்ளிக்கூடம் தொடங்கும் மாதம் போகிறது, தீபாவளிக்குத் திரும்பி வருகிறது, தைப்பொங்கலுக்கு மறுபடி போகிறது. உங்களைப் போன்றவர்கள் கடன் எழுதி வைக்கும் கடைக் கொப்பியைப் பற்றியும் சொல்லட்டுமா? மா மூட்டையாக வாங்கினால் விலை குறைவு. மூட்டை வாங்கக் கையில் காசு இல்லாதவள் கொப்பியில் எழுதிக் கிலோ கிலோவாக வாங்குகிறாள். கொப்பிக்கு ஒரு விலை, காசுக்கு ஒரு விலை. சிக்கனத்தை யாருக்குச் சொல்கிறீர்கள்?

ஹட்டன் கடைக்காரர்:
என் கடையில் இரண்டு விலை இல்லை! கடன் தராவிட்டால் யார் தருவார்? ஒரே ராத்திரியில் பெட்டி கட்டிக் கொழும்புக்குப் போனவர்களின் பாக்கி இன்னும் என் கொப்பியில் கிடக்கிறது. பெயர் சொல்லவா?

பதுளைக் கணக்கு:
சாயம் 40, வடை 60 என்றால் கொப்பியில் எவ்வளவு?

நானுஓயா தம்பி:
ஒரு கேள்வி. செல்வம் என்று நாம் எதைச் சொல்கிறோம்? ஐந்து லட்சமா, காணி உறுதியா, பிள்ளை பல்கலைக்கழகம் போவதா? அதை முதலில் பேசினால் நல்லது.

பதுளைக் கணக்கு:
தம்பி, முதலில் வடை விலை முடியட்டும்.

மஸ்கெலியா அக்கா:
நாங்கள் பத்துப் பேர் சீட்டுப் பிடித்தோம். அதில் ஒரு தகரக் கூரை மாற்றினேன். அதையும் எழுதுங்கள்.

பதுளைக் கணக்கு:
சீட்டா? எங்கள் லயத்தில் சீட்டுப் பிடித்தவள் நாலாம் மாதம் பஸ் ஏறினாள். என் தாயின் 12,000 போனது. பிறகு ஒரு வருஷம் அப்பா தாயோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஹட்டன் கடைக்காரர்:
ஆள் பார்த்துச் சேராதது யார் பிழை?

பதுளைக் கணக்கு:
என் தாயைப் பற்றிப் பேச வேண்டாம்.

லயத்துப்பிள்ளை:
அண்ணா, வாயை அளந்து பேசுங்கள். உங்கள் கடையைக் கட்டியது உங்கள் சிக்கனம் மட்டும் இல்லை. சம்பள நாளில் அங்கே வந்து நின்ற ஆட்கள். அவர்கள் வடையை விட்டிருந்தால் நீங்கள் இன்னும் பஸ் ஸ்டாண்டில் தட்டோடுதான் நின்றிருப்பீர்கள்.

ஹட்டன் கடைக்காரர்:
விடியக்காலை மூன்று மணிக்கு எழும்பிப் பருப்பு அரைத்தவன் நான். மழையில் நனைந்தவன் நான். அதை யாரும் எனக்குப் பிச்சையாகப் போடவில்லை. வீடியோக்காரர் சொன்னது சரி, நானே அதற்குச் சாட்சி. நாளைக்கு என் கொப்பியைப் படம் எடுத்துப் போடுகிறேன், இரண்டு விலை இருந்தால் காட்டுங்கள்.

லயத்துப்பிள்ளை:
போடுங்கள். ஆட்களின் பெயரை மறைத்துவிட்டுப் போடுங்கள்.

பதுளைக் கணக்கு:
வடையையும் ஒரு படம் எடுங்கள். பக்கத்தில் ஐந்து ரூபா நாணயக் குத்தி ஒன்று வையுங்கள், அளவு தெரியட்டும்.